வலது கை

செக்காலை ரோட்டில் மாடி கிளினிக்.
டோக்கன் பதினேழு.
வலது கையை மடியில் போட்டுக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன பார்சல் மாதிரி.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
பழுப்புப் புள்ளிகள்.
சில கடுகு, சில துவரை,
ஒன்று மட்டும் புளியங்கொட்டை.
சாமிகுத்தம் என்றாள் பாக்கியவதி.
இன்ஜின் சூடு என்றான் கண்டக்டர் ராயப்பன்.
மெடிக்கல்காரர் ஒரு டியூப் தந்தார்.
பதினைந்து நாள் தேய்த்ததில்
புள்ளி புள்ளியாகவே இருந்தது;
தோல்தான் வெங்காயச் சருகானது.
எலுமிச்சையும் பிழிந்து பார்த்தேன்.
திருமயம் தாண்டுவதற்குள்
கை அடுப்பில் கிடந்தது.

டாக்டர் ஷமீமா
சின்ன விளக்கு வைத்த ஒரு லென்சைப்
புள்ளி புள்ளியாக நகர்த்திப் பார்த்தார்.
"இன்னொரு கை?"
நீட்டினேன்.
கியர் கம்பியைப் பிடித்தபடி
இருபத்தாறு வருடம் நிழலில் உட்கார்ந்த கை.
ஒரு புள்ளி இல்லை.
ஐம்பத்து நாலு வயது உடம்பில்
அண்ணனும் தம்பியுமாக இரண்டு கைகள்.

"என்ன வேலை?"
டிரைவர். காரைக்குடி–திருச்சி.
"காலையில் எந்தத் திசை?"
வடக்கே.
"சூரியன்?"
வலது பக்கம்.
"திரும்பும்போது?"
மதியத்துக்கு மேல். தெற்கே…
சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது.
அதுவும் வலது பக்கம்தான்.
கிழக்கே ஏறும்போது இந்தக் கை,
மேற்கே இறங்கும்போது இதே கை.
காக்கி அரைக்கை முடிகிற இடத்தில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல்
புள்ளிகள் தொடங்கியிருந்தன.
இத்தனை வருடம் ரோட்டைப் பார்த்தேன்,
கையைப் பார்க்கவில்லை.

"வயசுப் புள்ளின்னு பேருதான்.
வயசு வெறும் சாட்சி, செஞ்சது வெயில்.
தோல் தனக்குத் தானே குடை பிடிக்குது.
பிடிச்சுப் பிடிச்சு
அங்கங்கே மடக்க மறந்துடுது."

முழுக்கைச் சட்டை.
இரண்டரை மணிக்கு ஒருதரம் க்ரீம்,
மேகமாக இருந்தாலும்.
புளியங்கொட்டையை மட்டும் அளந்து
சீட்டில் எழுதினார்: பதினோரு மில்லிமீட்டர்.
"இது வளர்ந்தா, ஓரம் பிசிறினா,
கறுத்தா, ரத்தம் கசிஞ்சா
மறுநாளே வந்துடணும்.
மத்ததெல்லாம் சும்மா இருக்கட்டும்.
இனிமே புதுசு வராம பாருங்க."

க்ரீம் பூசிய உள்ளங்கையில் ஸ்டியரிங் வழுக்கியது.
முழுக்கைச் சட்டைக்கு
டிப்போவில் மனு எழுதிக் கொடுத்தேன்;
அது மேசை மேசையாக டிரிப் அடிக்கிறது.
அதுவரைக்கும்
மகள் ஸ்கூட்டிக்குப் போடுகிற கையுறை,
தோள் வரை ஏறும், ஊதாப் பூப் போட்டது.
வலது மட்டும்.
"மாப்பிள்ளைக்கு எத்தனாம் மாசம்?
வளைகாப்பு எப்போ?" என்று
காரைக்குடி பஸ் ஸ்டாண்டே கேட்டது.

அடைக்கலம் திருச்சி டிப்போ.
நான் போகும்போது வருவான்,
வரும்போது போவான்.
திருமயம் கோட்டை தெரிகிற வளைவில்
பதினேழு வருடமாகக் கை தூக்கிக்கொள்கிறோம்.
நேற்று லேணாவிளக்கு டீக்கடையில்
அதிசயமாக இரண்டு வண்டியும் ஒன்றாக நின்றன.
கையைக் காட்டு என்றேன்.
எதுக்கு என்றான். காட்டு என்றேன்.
என்னைவிட நாலு வயது மூத்தவன்.
வலது கை
கழுவிக் கவிழ்த்த வாழைத்தண்டு.

அதே ரோடு. அதே வெயில். அதே வருடங்கள்.
அவன் எதிரே வந்தான்,
அவ்வளவுதான் வித்தியாசம்.
அவன் பங்கு வெயிலை
இடது ஜன்னல் சீட்டுக்காரர்கள்
ஆளுக்கு ஒரு ஸ்டாப்பிங் தூரம்
வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள்.
என் சீட்டில் நான் மட்டும்தான்,
கடைசி ஸ்டாப் வரை.

இன்று காலை வளைவில் அவன் கை தூக்கினான்.
நான் ஊதாப் பூக்களைத் தூக்கினேன்.
அவன் ஹாரன்
கோட்டைச் சுவரில் பட்டுத் திரும்பி
என் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த
நாலு பேரை எழுப்பியது.

ஞாயிற்றுக்கிழமை
மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து
ஸ்கேல் எடுத்துக் கையில் வைப்பேன்.
இந்த வாரமும்
பதினொன்று.